'நாம'ன்னா யாரு?

"என்கிட்ட சொல்லாத, அவர்கிட்டயே சொல்லு" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இது என் வழக்கம். குடும்பமாக ஆலோசனைக்கு வருகிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் கோள் சொல்வார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேறு வழியில்லை, தங்களுக்குள்தான் பேசியாக வேண்டும்.

அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். பதின்மூன்று வயது. அவள் பேச வேண்டியது அம்மாவின் இரண்டாவது கணவரிடம். அவரை அப்பா என்றும் கூப்பிட மாட்டாள், அங்கிள் என்றும் கூப்பிட மாட்டாள். மொட்டையாகத்தான் பேச்சு.

"ஞாயித்துக்கிழமை நாங்க துணி மடிச்சிக்கிட்டே படம் பாப்போம்" என்றாள் அவரிடம்.

வந்துவிட்டது 'நாங்க'. இன்றைக்கு மட்டும் இது ஏழாவது.

அதே சோபாவில் உட்கார்ந்து அவரும்தான் படம் பார்க்கிறார். போர்வையை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிப்பதே அவர்தானாம், அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவர் முகத்துக்கு நேராகவே 'நாங்க'! வாய் தவறியாவது ஒரு தடவை 'நாம' என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஆறு வாரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்து வரவழைக்கிற 'நாம' எனக்கு எதற்கு?

காலையில் அவர் எனக்கு போன் செய்திருந்தார். அலுவலகத்தில் வேறு ஊருக்கு மாற்றல். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "ரெண்டு வருஷமாச்சு மேடம், இன்னும் விருந்தாளி மாதிரிதான் இருக்கேன். போயிடலாம்னு பாக்கறேன்." அவள் அம்மாவுக்கு விஷயம் தெரியும். பெண்ணுக்குத் தெரியாது. பதமாகச் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மனுஷன் போட்டு உடைத்தார்.

"எனக்கு மாத்தல் வந்திருக்கு. நான் போயிடறேன். நீயும் அம்மாவும் இங்கயே நிம்மதியா இருங்க."

"என்னங்க!" என்றாள் அம்மா.

நான் நாற்காலியைத் திருப்பினேன். பெண் அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா, கோபமா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி, இப்ப நாம என்ன பண்ணலாம்?" என்றேன்.

இது எங்கள் தொழிலைப் பிடித்த வியாதி. காய்ச்சல் வந்தவன் ஒருத்தன் இருப்பான், 'நாம மாத்திரை போட்டுக்கலாமா' என்பார் டாக்டர். அந்தத் தொற்று எனக்கும் உண்டு.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"'நாம'ன்னா யாரு மேடம்? நீங்களும் எங்க வீட்டுக்குத் துணி மடிக்க வரீங்களா?"

அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தார், நிற்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. பெண் ஓரக்கண்ணால் அவர் சிரிப்பதைப் பார்த்தாள். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"மேடம், நாங்க மூணு பேரும் கொஞ்சம் பேசணும். நீங்க வெளிய இருக்கீங்களா?" என்றாள் பெண்.

மூணு பேரும்.

பதினாறு வருஷத்தில் என் அறையிலிருந்து என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. நான் எழுந்து போன வேகத்தைப் பார்த்தால் சம்பள உயர்வு கிடைத்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

"என்ன மேடம், உங்களையே துரத்திட்டாங்களா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

நடைக்கூடத்தில் போய் நின்றேன். உள்ளே பெண்ணின் குரல் உயர்ந்தது. அவர் ஏதோ முனகினார். மறுபடி அவள். நாற்காலி நகர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு வார்த்தைகூடத் தெளிவாகக் கேட்கவில்லை. ஊரார் வீட்டுப் பேச்சையெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிறவள், கதவில் காதை வைக்கலாமா என்று யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஓரடி எடுத்தும் வைத்தேன்.

கதவு திறந்தது.

அவர் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் படி இறங்கினார். அம்மா பின்னாலேயே போனாள். கடைசியாக வந்தவளை விடவில்லை நான்.

"என்னதான் பேசினீங்க? எனக்கு மண்டை வெடிச்சிடும் போல இருக்கு."

"அடுத்த வாரம் வர மாட்டோம். அந்த ஊர்ல ஸ்கூல் பாக்கப் போறோம்."

"யாரு?"

'இது கூடவா புரியவில்லை' என்பது மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்களையும் கூட்டிட்டுப் போகணும்னு இவருக்குத் தோணவே இல்ல பாருங்க. வீட்லயும் இப்படித்தான் மேடம். 'நான் கடைக்குப் போறேன்', 'நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்', இப்ப 'நான் போயிடறேன்'. இவரு 'நான்', 'நான்'னா, நாங்க வேற என்னன்னு சொல்றது?"

ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

ஆறு வாரமும் அவளுடைய 'நாங்க'வைத்தான் எண்ணியிருக்கிறேன். அவருடைய 'நான்' என் காதில் ஒரு தடவைகூட விழவில்லை.