வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்கு

வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த தமயந்தி, மொட்டைமாடியில் தலைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டாள். பிறகு விரித்த கூந்தலும் வெள்ளைக் காட்டன் புடவையுமாக, கையில் புகையும் தூபக்காலோடு கீழே இறங்கி வந்து வாசலில் நின்றாள். கதவு திறக்கவில்லை.

“வாசல்ல பேய் சார்,” என்றது வீடு. அது ‘ஸ்மார்ட்’ வீடு; ஆபத்தை அடையாளம் காண அதற்குப் பத்தாயிரம் சினிமாப் படங்களைப் போட்டுக் காட்டிப் பழக்கியிருந்தார்கள்.

உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த குழந்தைவேலு கரண்டியோடு ஓடிவந்தார். “அது என் பொண்டாட்டி! கதவைத் திற.”

“படத்துல எல்லாப் புருஷனும் இதைத்தான் சார் சொல்றாங்க. இடைவேளைக்கு முன்னாடியே செத்துப்போறாங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

குழந்தைவேலு வாசல் கேமராவின் திரையைப் பார்த்தார். சுற்றிலும் புகை. சீயக்காய் பட்டுச் சிவந்த கண்கள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர்தான். இருந்தாலும், அவள் கால் தரையில் படுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“அவதான்,” என்றார். கதவு திறந்தது.

வெளியே அத்தனையும் கேட்டிருந்தது. தமயந்தி அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் வீட்டிடம் கேட்டாள்: “எவ்வளவு நேரம் யோசிச்சாரு?”

“ஒன்பது விநாடி மேடம். காலை வேற பாத்தாரு.”

அவள் அவர் கையிலிருந்த தோசைக் கரண்டியை வாங்கிக்கொண்டு, நிதானமாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நான் முதல்லயே சொன்னேனே சார்,” என்றது வீடு, தணிந்த குரலில்.