மதரின் தேக்குப் பெட்டி

சவப்பெட்டியின் மூடி திறந்ததும் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். புனிதர்களின் கல்லறையில் பூமணம் வீசும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

ஈர மண் வாடைதான் வந்தது.

“லேசா ரோஜா வாசம் வருதுல்ல?” என்றார் பெரிய சாமியார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

சிற்றாலயத்துக்கு வெளியே கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசை நாற்காலிகள் நன்கொடையாளர்களுக்கு. மதர் நடத்திய இல்லத்து நோயாளிகள் இடைஞ்சலாக இருப்பார்கள் என்று அவர்களைப் பின்கட்டில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. மதர் ஆயுள் முழுக்கத் தெருத் தெருவாகப் போய்த் தூக்கிவந்து, புண் கழுவி, சோறூட்டியது இவர்களைப் போன்ற ஆட்களுக்குத்தான்.

மதருக்குப் புனிதர் பட்டம் வாங்கித் தரும் பொறுப்பு பெரிய சாமியாருடையது. வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார். மேலிடம் கேட்ட அற்புதமும் ஒருவழியாக அமைந்துவிட்டது. இந்தக் கல்லறைமேல் விழுந்து அழுத வங்கி மேலாளர் ஒருவரின் முடங்கிய கால் நடக்க ஆரம்பித்திருந்தது.

இனி எலும்புகளை எடுத்துக் கண்ணாடிப் பேழைகளில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தார். இடுப்பெலும்பை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

“ஃபாதர், இது ஆம்பள.”

“நல்லாப் பாருங்க டாக்டர். மதர் கொஞ்சம் வாட்டசாட்டமா இருப்பாங்க.”

“அதுக்காக?”

சுவரோரம் நின்ற வயதான சிஸ்டர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மதரோடு கடைசிவரை ஒரே அறையில் இருந்தவர். அழுகிறார் என்று நினைத்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார். மதர் விஷக்காய்ச்சலில் படுத்ததுமே பெரிய மனிதர்கள் தேக்குப் பெட்டி ஒன்றைச் செய்து அனுப்பிவிட்டார்களாம், பித்தளைக் கைப்பிடியோடு. மதர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் போகிறவருக்கு இதைக் கொடு என்றாராம். பக்கத்து அறையில் அதே காய்ச்சலில் கிடந்த மந்திரி காலையில் போனார். மதர் மத்தியானம் போனார்.

மந்திரி என்பது பட்டப்பெயர். ஆள் தெருப் பிச்சைக்காரர். ஆனால் போகிற வருகிற எல்லோருக்கும் உத்தரவு போடுவார். குடித்துவிட்டால் மதரையே வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஊட்டிய கஞ்சியை மதரின் முகத்திலேயே துப்பியும் இருக்கிறார்.

மதர் சொன்னபடியே சிஸ்டர் மந்திரியைப் பெட்டியில் வைத்து ஆணியடித்தார். தொற்றுக்குப் பயந்து யாரும் திறக்கச் சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் ஆயரே நின்று கண்ணீர் மல்கப் பிரசங்கம் செய்தார். மதர் ஒரு கோணியில் சுற்றிக்கொண்டு, தள்ளுவண்டியில், அநாதைகளின் பொதுக்குழிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே எது யாருடைய எலும்பு என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம். “அப்போ அந்த மேனேஜர் கால் சரியானது?”

“மந்திரி சிபாரிசுதான்” என்றார் சிஸ்டர்.

பெரிய சாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. பட்டுத்துணி விரித்த பேழைகள் வரிசையாகக் காத்திருந்தன.

“டாக்டர், இங்க யாரும் ஒண்ணும் பாக்கல” என்றார். குரல் கட்டளையாக ஆரம்பித்துக் கெஞ்சலாக முடிந்தது. டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

கதவுகள் திறந்தன. கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது.

பெரிய சாமியார் முழங்காலிட்டு, பாத எலும்பை இரு கைகளிலும் ஏந்தி, கண்ணில் ஒற்றி, நிதானமாக முத்தமிட்டார். பெண்கள் விம்மினார்கள். முன்வரிசை எழுந்து நின்றது.

எழுந்திருக்கக் கைகொடுத்த சிஸ்டர் அவர் காதருகே குனிந்தார்.

“மந்திரிய உங்களுக்கும் தெரியும் ஃபாதர். நீங்க இங்க புதுசா வந்த வருஷம், பெரிய வீட்டுக் கல்யாணத்தன்னிக்கு, நம்ம கோயில் படியில ஒருத்தர் படுத்திருக்கார்னு கொட்டுற மழையில இழுத்துப் போடச் சொன்னீங்களே, அவருதான். ரெண்டு நாள் கழிச்சு மதர் போய்த் தூக்கிட்டு வந்தாங்க. அப்பவே உடம்பு அனலாக் கொதிச்சுது. அவரைப் பாத்துக்கிட்டதுலதான் மதருக்கும் தொத்திக்கிச்சு.”

பெரிய சாமியார் கையில் இன்னும் அந்தப் பாத எலும்பு இருந்தது.

புகைப்படக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஃபாதர், படம் சரியா விழல. இன்னொரு தடவை முத்தம் குடுங்க.”

பெரிய சாமியார் மறுபடியும் முழங்காலிட்டார்.

இந்த முறை அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.