பள்ளிக்கூடத்து ரிப்பேர் கடை

ஆய்வகத்துக்கு நிதி சேர்க்க, பள்ளி வாசலில் மாணவிகளே ரிப்பேர் கடை போட்டிருந்தார்கள். தெருவே திரண்டு நின்றது. வரிசையில் முதல் ஆளாக, இஸ்திரிப் பெட்டியும் கையுமாக ஒருவர்.

பின்னால் மின்விசிறியோடு நின்றவர் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்; தயங்கினார். "சின்னப் பொண்ணுங்க... நம்பிக் குடுக்கலாமா சார்? எதிர்ல எலக்ட்ரிக் கடை இருக்கு. இன்னைக்குன்னு பார்த்து மூடிக் கிடக்கு."

"அந்தக் கடைக்காரனை எனக்கு நல்லாத் தெரியும். அவனைவிட இந்தப் பொண்ணு ஒரு படி மேல."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பெட்டியைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நொடியில் ஒயரை மாட்டித் திருகினாள். பெட்டி சூடேறியது.

"அடேங்கப்பா, கில்லாடிதான்!" மின்விசிறிக்காரர் வாயைப் பிளந்தார்.

"நான் சொல்லலே?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்டியலில் பணத்தைப் போட்டார் அவர்.

பெட்டியை நீட்டியவள் குனிந்து கிசுகிசுத்தாள்.

"நம்ம கடையை மூடினீங்க, சரி. நல்லா இருந்த பெட்டியையும் கெடுக்கணுமாப்பா? கழட்டின ஒயர் முனையில பழக்க தோஷத்துல டேப் வேற சுத்தியிருக்கீங்க! அடுத்த தடவையாவது கொஞ்சம் கஷ்டமாக் கெடுத்துக் கொண்டு வாங்க!"