வளையாத ராடு

“வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். ஏரியில ‘பாஸ்’னு ஒரு மீன் இருக்காமே, அதைப் பிடிக்க ஒரு தூண்டில் ராடு வேணும். கையைக் கடிக்காத விலையில காட்டுங்க. ஆனா சரியா அமையணும். இல்லேன்னா என் ஞாயித்துக்கிழமையெல்லாம் நாசம்” என்றாள் அந்த அம்மாள்.

“முள்ளுல என்ன மாட்டுவார்?” என்றார் கடைக்காரர்.

“பிளாஸ்டிக் மீன். இழுத்தா முங்கி முங்கி ஓடுமே, அது.”

“அப்போ கண்ணை மூடிக்கிட்டு இந்த ஃபைபர் ராடை எடுங்கம்மா. விலையும் கம்மி. மீன் துள்ளினா இதுவும் கூடவே வளைஞ்சு குடுக்கும். முள்ளு விடாது.”

“பக்கத்துல இருக்கே, அது?”

“அது கார்பன். விலை ரெண்டு மடங்கு, விறைப்பும் ஜாஸ்தி. மீன் கவ்வுறதுக்குள்ள வெடுக்குனு முள்ளைப் பிடுங்கிடும். முக்கால்வாசி மீன் தப்பிச்சு ஓடிடும்.”

“நிச்சயமா ஓடிடுமா?”

“எழுதியே தர்றேன்.”

“அப்போ அதையே கட்டுங்க.”

கடைக்காரர் விழித்தார். “நான் சொன்னது சரியா காதுல விழுந்துதாம்மா?”

“நல்லாவே விழுந்துது. பிடிக்கிறதோட அவர் வேலை முடிஞ்சுது. செதில் உரிச்சு, குடலெடுத்து, கழுவிக் கழுவி ஞாயித்துக்கிழமை முழுக்க நாறுறது யாரு? நான்தானே!”

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தபடி பில் போட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றுவிட்டது.

கடைக்காரரின் போன பிறந்தநாளுக்கு அவர் மனைவியும் இதே கடைக்கு வந்து, கார்பன் ராடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆசையாகக் கொடுத்தாளே, மனசு நோகக் கூடாதென்று அன்றிலிருந்து அதைத்தான் வீசிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் மீன் வாடை அடித்து மாதக்கணக்காகிறது.