விரித்து எழுதிய இனிஷியல்

அவளுக்கு முன்னால் இன்னும் சிலர் நின்றார்கள்.

மேடையில் பேராசிரியர் ரூத் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். பெயர் முடிந்ததும் கைதட்டல். கறுப்பு அங்கி ஒன்று மேடையைக் கடந்து போகும். அடுத்த பெயர்.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பட்டத்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வாய்மொழித் தேர்வில், பருத்தியின் வேரழுகல் நோய் பற்றி அவளிடம் கேள்வி கேட்க வந்தவர்கள்தான் அன்று அடிக்கடி தண்ணீர் குடித்தார்கள்.

ஒரே ஒரு சொல்தான் பாக்கி.

மூன்றாவது வரிசையில் அப்பா. வெள்ளைச் சட்டைக்கு மேல் அவள் வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டர். அவருக்கும் இங்கிலீஷுக்கும் வெகுதூரம். இந்த மண்டபத்தில் இன்று அவருக்குப் புரியக்கூடியவை இரண்டு. ஒன்று அவள் பெயர். மற்றது அவர் பெயர்.

ஊரில் அது வெறும் ஓர் எழுத்து. எச். பூவிழி. அந்த எச்சுக்குப் பின்னால் யார் என்று விளாத்திகுளத்தில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தாள்.

இங்கிலாந்தில் இறங்கிய நாளிலிருந்து அவள் மிஸ் ஹிட்லர்.

அப்பாவுக்குத் தாத்தா வைத்த பெயர். வெள்ளைக்காரப் போலீஸிடம் அடி வாங்கியவர் அவர். வெள்ளைக்காரனைத் தூங்கவிடாமல் அடித்த ஆள் என்று மட்டும் கேள்விப்பட்டு, பின்னாளில் பிறந்த பிள்ளைக்குச் சூட்டிவிட்டார். மற்றதை விசாரிக்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தாத்தா மேல் உண்டு.

ஊரில் ஹிட்லர் என்றால் ஸ்கூல் வேன். ரோட்டில் ஆடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்காமல் இறங்கிப்போய் எழுப்பிவிடுகிற டிரைவர். ஹிட்லர் மாமா பக்கத்தில்தான் உட்காருவேன் என்று வேனுக்குள் தினமும் சண்டை நடக்கும்.

இங்கே வந்த பிறகுதான், ஆங்கிலத்தில் அந்தப் பெயர் என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்தது.

காருக்கு அபராதம் போட்டவர் குட்டி ஹிட்லர். ஆய்வகத்து ஃபிரிட்ஜைப் பூட்டிவைத்தவரும் குட்டி ஹிட்லர். வாக்குவாதத்தில் தோற்கப்போகிறவர்கள் கடைசியாக எடுத்து வீசுகிற கல் அது. காபி குடித்துக்கொண்டே வீசுகிறார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.

பட்டமளிப்புக்கு முன்பு அலுவலகத்தில் நயமாகக் கேட்டார்கள். பூவிழி என்று மட்டும் படித்தால் போதுமா? உங்கள் வசதிக்காகத்தான்.

போதாது என்றாள்.

சொல்லிவிட்டு நேராகப் பேராசிரியர் ரூத்தின் அறைக்குப் போனாள். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியவரும் அவர்தான், படிக்கப்போகிறவரும் அவர்தான். அவருடைய அம்மாவைச் சிறுமியாக இருந்தபோது தனியாக ரயிலேற்றி இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்றிவிட்ட யூதக் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தப் பெயர்க்காரன் மிச்சம் வைக்கவில்லை. இத்தனை வருடங்களில் பேராசிரியர் அவளைப் பூவிழி என்றே கூப்பிட்டார். பின்னால் இருக்கும் சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

உங்களுக்கு வலிக்கும் என்றால் விட்டுவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன் என்று அவரிடம் சொன்னாள். பாதி பொய்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார். பிறகு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னாள். வேனைச் சொன்னாள். ஆட்டைச் சொன்னாள். பக்கத்து இருக்கைச் சண்டையையும் சொன்னாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படிப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்தபடி அப்பா கேட்டார். "எம்பேரையும் சொல்லுவாகளா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பாவி பண்ணுன அக்கிரமம் எனக்கும் தெரியும் தாயி. அதுக்காக, எம்பேரைக் கூப்பிட்டா திரும்பாம இருக்க முடியுமா?"

வரிசை நகர்ந்தது. அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பூவிழி."

சுத்தமாகச் சொன்னார். அந்த ழகரத்துக்கு அவர் ஒரு வருடம் பாடுபட்டிருக்கிறார்.

பிறகு நிறுத்தினார்.

கைதட்ட உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் இருக்கையின் நுனியில் இருந்தார்.

"ஹிட்லர்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

அப்பா எழுந்து நின்றார்.

கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மேடையைப் பார்த்துக் கைகூப்பினார். தலைகள் ஒவ்வொன்றாக அந்த ஸ்வெட்டர் பக்கம் திரும்பின.

அவளுக்குக் கண் நிறைந்தது. வெட்கத்தில் இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்றாவது வரிசையில் நிற்கிற மனிதரைப் பார்த்தார். அவர் கூப்பிய கைகளைப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார்.

பிறகு மைக்கின் பக்கம் குனிந்து, இன்னொரு முறை சொன்னார். தாழ்ந்த குரலில்.

"மிஸ்டர் ஹிட்லர்."

மேடையைக் காட்டிக் கை நீட்டினார்.

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி வெளியே வந்தார்.

"இந்தா வந்துட்டேம்மா."