நார்வீஜியன் ரிப்பேர்

கடைசியாக என் மனைவியை உயிரோடு பார்த்தபோது அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நீங்க போட்ட நார்வீஜியன் மறுபடியும் படுத்துடுச்சு. என் வேலை கெடுது. எழுந்து பாருங்க."

"போன வாரம்தானே சரி பண்ணேன்?"

"போன வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு மக்கர் பண்ணுது. மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள ஓடணும், ஆமா."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் சரிந்தவள் எழவில்லை.

கப்பல் கம்பெனியின் கடிதப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து, தானாகவே நார்வே நாட்டு மொழியான நார்வீஜியனைக் கற்றவள் அவள். ஓய்வு பெற்றபின் பல்கலைக்கழக மொழித்துறை அவளிடம் ஒரு வேலை கொடுத்தது. பழைய நார்வீஜியன் கடிதங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் இது பெயர்ச்சொல், இது வினைச்சொல் என்று குறி போட வேண்டும். கையால் போட்டால் ஆயுசு போதாது. அதற்கென்றே ஒரு மென்பொருள் கருவி இருந்தது; வீட்டில் அதையும் 'நார்வீஜியன்' என்றே சொல்வோம். ஆனால் அதை நிறுவுவது பெரும்பாடு.

நான் அச்சகத்தில் மெஷின் மெக்கானிக். அச்சகத்தை மூடிவிட்டார்கள். நாலு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். குளிப்பதற்குக்கூட அவள் பத்து தடவை சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஒரு கத்தைக் காகிதத்தை என் நெஞ்சின்மேல் போட்டாள்.

"எப்படி நிறுவணும்னு இதுல இருக்கு. எனக்கு நார்வீஜியன் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது."

"எனக்கு ரெண்டுமே தெரியாது."

"மெஷின் மெஷின்தானே? பாருங்க."

கருவியில் மூன்று துண்டுகள். முதலாவது வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டும். இரண்டாவது சொற்பட்டியலில் தேடி, இருக்கக்கூடிய குறிகளையெல்லாம் அள்ளிப் போடும். மூன்றாவது பொருந்தாதவற்றைக் களையும். ஒன்று இடம் மாறினால் அடுத்தது அசையாது.

ஒன்பதாம் நாள் ஒரு வாக்கியம் உள்ளே போய், கழுத்தில் அட்டை தொங்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, ஒவ்வொரு சொல்லும் குறியோடு வெளியே வந்தது. அன்றைக்கு நானாகவே சவரம் செய்துகொண்டேன்.

ஒரு மாதம் ஓடிவிட்டு நின்றது. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு ரிப்பேர். ஒருநாள் சொற்பட்டியலைக் காணோம். இன்னொரு நாள் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும். எல்லாம் என் கைப்பிழை என்றே நினைத்து, மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவேன். அவள் பின்னால் நின்று நச்சரிப்பாள்.

மகள் போனிலேயே அவளிடம் சண்டைக்குப் போனாள்.

"ஏம்மா அப்பாவை இந்தப் பாடு படுத்தறே? மனுஷனே நொந்து போயிருக்கார். தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை."

"உங்கப்பா சும்மாத்தானே இருக்கார்? பண்ணட்டும்."

அந்த 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் போய் ஒரு மாதம் கழித்து, மொழித்துறைப் பேராசிரியை துக்கம் விசாரிக்க வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் நிறுவினது ஒழுங்கா ஓடலை. உங்க வேலை ஒன்றரை வருஷமா இழுத்துக்கிட்டே போய்ப் பாதியில நின்னுபோச்சு. கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போய் வேற ஆளை வச்சு முடிச்சுக்கங்க."

அவர் விழித்தார்.

"பாதியா? முதல் மாசத்திலேயே முழுசும் கொடுத்துட்டாங்களே! எங்க துறையில ரெண்டு பேர் மல்லுக்கட்டியும் ஓடாத கருவி அது. உங்க வீட்டுல ஒரு தடவைகூட தானா நின்னதில்லைன்னு பெருமையாச் சொல்லுவாங்க."

"ஒரு தடவைகூடவா?"

"யார் நிறுவினதுன்னு கேட்டேன். வீட்டுக்காரர்னாங்க. அப்ப அவரை எங்ககிட்ட அனுப்புங்களேன்னேன். 'இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கார். இன்னும் கொஞ்சம் தேறட்டும், அனுப்பறேன். அதுவரைக்கும் நானே கெடுத்துக் கெடுத்துக் கொடுத்துட்டிருக்கேன்'னு சிரிச்சாங்க. நான் அதை விளையாட்டுப் பேச்சுன்னு நெனச்சேன்."

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த மொழித்துறையில் இப்போது பதினொரு கணினிகளில் அந்தக் கருவி ஓடுகிறது. திங்கட்கிழமைதோறும் காலையில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.