பட்டு நனையும்

"இது நோயில்ல அனு, திமிரு! காதுல யாரோ பேசுறாங்கன்னான். மாத்திரை குடுத்தோம், அது நின்னுபோச்சு. அப்புறமும் ஏன் கட்டையாட்டம் கெடக்குறான்?"

ஐயம்பேட்டை சித்தப்பா ஆட்டோவோடு வந்திருந்தார். என் அண்ணன் தணிகாசலத்தை ஏதோ விடுதியில் கொண்டுபோய்த் தள்ளுவதற்கு. அம்மா அவன் சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுமை கிடையாது.

"பத்தாவதோட நின்ன எனக்கே புரியுது, உனக்குப் புரியலயா சித்தப்பா? குரல் கேக்குறது மட்டும் நோயில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? பேச்சு வராதது, குளிக்கக்கூட எழுந்துக்க முடியாதது, மூஞ்சி அசையாதது, அதுவும் அதே நோய்தான். உள்ள எல்லாம் இருக்குது. தொடங்கத்தான் முடியல."

"கதை வுடாத."

"வாண்ணா" என்றேன். அண்ணன் வந்து வீட்டுத் தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கரையை வேறு நிறத்தில் கோக்கும் கோர்வைப் பட்டுப் புடவைக்கு ரெண்டு ஆள் வேண்டும். ஊடை நூல் இருக்கும் நாடாவை நடுவில் நான் ஓட்டுவேன். ஓரத்துக் கரைக்கு அவன் ஓட்டணும். மாறி மாறி.

"போடுண்ணா."

போட்டான்.

"போடுண்ணா."

போட்டான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

சித்தப்பா சிரித்தார். "சாவி குடுத்த பொம்மை! நீ சொன்னாத்தான் செய்வான். தானா ஒரு வார்த்தை பேசுவானா? நீ செத்தாக்கூட இப்படியேதான் பாத்துக்கினு இருப்பான். எழுந்துருடா, வண்டி நிக்குது."

நானும் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாளா தொண்டை கிழியக் கத்திக்கினு இருக்கேன்?

கண்ணில் தண்ணீர் முட்டியது. சித்தப்பா பார்க்கக்கூடாதென்று குனிந்தேன்.

தறிக்கும் என் மூஞ்சிக்கும் நடுவில் ஒரு கை வந்தது. துளி அந்த உள்ளங்கையில் விழுந்தது.

"அழுவாத அனு. பட்டு நனையும்."

அண்ணன்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. யாரும் எதையும் சொல்லவில்லை.

அம்மா பையைத் தலைகீழாகக் கொட்டினாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சித்தப்பா திரும்பிப் பார்க்காமல், "நீ போப்பா" என்றார்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததுகூடத் தெரியவில்லை.

முகம் கொஞ்சமும் அசையாமல் அவன் சொன்னான்:

"போடு அனு."